விரைவும் தடையும்

சென்னைக்கு வடபால் உள்ள எண்ணூரில், 1948-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களின் உறுப்புகளைப் பொருத்தி வெளியிட்டது. எண்ணூருக்கு மேற்கே, சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளம் பின்னாளில் மோட்டார்ப் பந்தயக் களமாய் விளங்கிற்று. பந்தயம் என்றதும் விரைவே நம் நினைவிற்கு வரும். ஆயினும், விரைவினும் முந்தியது ஒன்று உண்டு.

இங்கிலாந்தில் ஆஸ்டின் நிறுவனம் 1952-இல் மாரிஸ் நிறுவனத்தாரோடு இணைந்தது. அவ்விணைப்பினின்று 1962-இல் வெளிவந்த, இருவர் அமரும் திறந்த காரே எம்.ஜி.பி. என்பது. 1980 வரை உற்பத்தியான அக்காரை, ஆர்வலர் இன்றும் பழங்கார்ப் பந்தயங்களில் ஓட்டுகின்றனர். அதனை ஆயத்தம் செய்யுங்கால், வல்லோர் முதற்கண் நோக்குவது எஞ்சினை அன்று, பிரேக்கையே ஆகும்.

காரணம் யாது? வேகம் இருமடங்காயின், ஓடும் வண்டியின் ஆற்றல் நான்மடங்காகும். அவ்வாற்றலைப் பிரேக்கு வெப்பமாக மாற்றியே வண்டியை நிறுத்துகிறது. பிரேக்கு எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. ஈரம் ஏறிய எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவி தோன்றும். ஆவி அமுங்குவதாதலின், மிதித்த விசை சக்கரத்தைச் சென்று சேராது. ஆதலின் பழைய எண்ணெயை அகற்றிப் புத்தெண்ணெய் வார்ப்பர். நைந்த குழாய்களை மாற்றுவர். கார் கவிழினும் தலையைக் காக்க, இருக்கைக்குப் பின்னே எஃகு வளைவு ஒன்றையும் பொருத்துவர். எஞ்சினுக்கு வலிமை சேர்ப்பது இவற்றின் பின்னரே.

மாணவர்களே! நிற்க அறிந்த வண்டிக்கே விரைந்து செல்லும் தகுதி உண்டு. நம் நாவிற்கும் சினத்திற்கும் இவ்விதி பொருந்தும் அன்றோ?