மிதி தையல் இயந்திரம்: பழைய இரும்பா, பயன்தரும் சொத்தா?

மனிதனின் அடிப்படைத் தேவைகளுள் உணவுக்கு அடுத்ததாக வருவது உடை. இத்ரீஸ் நபி (அலை) அவர்கள் தையல் தொழில் செய்தவர்கள் என்பது இஸ்லாமிய மரபில் சொல்லப்படும் செய்தி. எமது நபி (ஸல்) அவர்களும் தமது ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இத்தகைய சிறப்புடைய ஒரு தொழிலை, வசதி குறைந்த பெண்ணும் வீட்டிலிருந்தே செய்வதற்கு வழி திறந்த கருவி காலால் மிதித்து ஓட்டும் தையல் இயந்திரம்.

இன்று அதன் நிலை என்ன? பழைய இரும்பு வாங்குபவர் தராசில் நிறுத்து எடுத்துச் செல்கிறார். சிலர் மேற்பகுதியை எறிந்துவிட்டு, இரும்புக் கால்களின் மேல் கண்ணாடியோ பலகையோ போட்டு அலங்கார மேசையாக்குகிறார்கள். அப்படிச் செய்யுமுன் அந்த இயந்திரத்தை அறிந்துகொள்ள வேண்டும், முடிந்தால் மீண்டும் ஓடச் செய்ய வேண்டும் என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வருகையும்

1830ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுத் தையற்காரரான திமோனியே ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தமது பிழைப்புப் போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் கூட்டமாகச் சென்று அவரது இயந்திரங்களை உடைத்தார்கள். 1846இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ், நுனியில் துளையுள்ள ஊசியையும் கீழே ஓடும் ஷட்டிலையும் கொண்டு, இரண்டு நூல்களைப் பூட்டும் தையலுக்குக் காப்புரிமை பெற்றார். 1851 ஒகஸ்ட் 12ஆம் திகதி ஐசக் சிங்கர் தமது இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஊசி நேராக மேலும் கீழும் போய்வருவதும், துணியை ஒரு பாதம் அழுத்திப் பிடிப்பதும், காலால் மிதித்து ஓட்டுவதும் அவரது இயந்திரத்தின் சிறப்புகள். கால் ஓட்டும்போது இரண்டு கைகளும் துணியைப் பிடிக்கக் கிடைக்கின்றன என்பதே இதன் பெரிய நன்மை.

எனினும் இயந்திரத்தின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாததாக இருந்தது. 1856இல் சிங்கர் நிறுவனம் தவணை முறையில் விற்கத் தொடங்கியது. தைத்து உழைத்த பணத்திலேயே இயந்திரத்தின் கடனையும் கட்டலாம் என்ற நிலை அப்போதுதான் உருவானது. 1877இல் சிங்கர் இலங்கைக்கு வந்தது. ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் 1885இல் திறக்கப்பட்டு 1980இல் மூடப்பட்ட பெரிய தொழிற்சாலையில் செய்யப்பட்ட இயந்திரங்களை எமது நாட்டு வீடுகளில் இன்றும் காணலாம். பிற்காலத்தில் இந்தியாவின் உஷா இயந்திரங்களும் வந்து சேர்ந்தன.

எப்படித் தைக்கிறது?

ஊசி நூலுடன் துணியைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. பின்பு சிறிதளவு மேலெழும்போது ஊசியின் பின்னால் நூல் தளர்ந்து ஒரு சிறு வளையமாகிறது. கீழே சுழலும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பொபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. இதனால் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கட்டிக்கொள்கின்றன. ஊசி மேலே போனதும் பற்கள் துணியை அடுத்த தையலுக்கு நகர்த்துகின்றன. சில பழைய இயந்திரங்களில் கொக்கிக்குப் பதிலாக, துப்பாக்கித் தோட்டா போன்ற ஷட்டில் ஒன்று முன்னும் பின்னும் ஆடி இவ்வேலையைச் செய்கிறது.

மிதியின் கணக்கும் சுவையானது. மிதி ஒருமுறை இறங்கி ஏறினால் கீழுள்ள பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். அச்சக்கரத்தின் விட்டம் 12 அங்குலமும், மேலே பெல்ட் ஓடும் கைச்சக்கரத்தின் விட்டம் 3 அங்குலமும் என்று கொள்வோம். அப்போது ஒரு மிதிப்புக்குக் கைச்சக்கரம் 4 முறை சுற்றும். 4 தையல்கள் விழும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் 240 தையல்கள். ஒரு தையல் 2.5 மில்லிமீற்றர் எனில், ஒரு நிமிடத்தில் 60 சென்றிமீற்றர் நீளத்துக்குத் தைத்துவிடலாம். இதற்கு ஓர் அலகு மின்சாரமும் தேவையில்லை.

தொடங்கும்போது மட்டும் கைச்சக்கரத்தைக் கையால் எமது பக்கமாகச் சுற்றிவிட வேண்டும். வெறுமனே மிதித்தால் சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் சிக்கிக்கொள்ளக்கூடும்.

திருத்தும் முறை

நான் வாப்பாவின் உதவியுடன் இதுவரை மூன்று இயந்திரங்களை ஓடச் செய்திருக்கிறேன். மூன்றிலும் உடைந்த பாகம் என்று எதுவும் இருக்கவில்லை. காய்ந்த எண்ணெயும், பஞ்சுத் தூசும், துருவுமே அவற்றை நிறுத்தி வைத்திருந்தன. ஆகவே புதிதாகத் தொடங்குவோர் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம்.

1. இறுகிய சக்கரத்தைப் பலம் கொண்டு சுற்றக் கூடாது. எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் தையல் இயந்திர எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்துவிட்டு, மறுநாள் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும்.

2. ஊசித்தட்டைக் கழற்றி, பற்களின் இடையில் இறுகியிருக்கும் தூசைப் பழைய பல்துலக்கியால் எடுக்க வேண்டும். கழற்றும் ஒவ்வோர் ஆணியையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைப்பது நல்லது. கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டுவது இலகு.

3. பிசினாகிப்போன எண்ணெயை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கரைத்துத் துடைக்கலாம். அடுப்பும் நெருப்பும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில், பெரியவர்களின் துணையுடனேயே இதைச் செய்ய வேண்டும். பின்பு மீண்டும் இயந்திர எண்ணெய் விட வேண்டும். தேங்காயெண்ணெய் விடுவது நல்லதல்ல. அது குளிரில் உறையும். நாளடைவில் தூசைப் பிடித்துக்கொள்ளும்.

4. கறுப்பு உடலிலுள்ள பொன்னிறப் பூவேலையைச் சவர்க்காரமோ ஸ்பிரிட்டோ போட்டுத் தேய்க்கக் கூடாது. அதன் மேலுள்ள மெல்லிய பூச்சு கரைந்து பூவேலையும் போய்விடும். எண்ணெய் தொட்ட மெல்லிய துணியே போதும்.

5. இரும்புக் கால்களின் துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்து, மிதியின் இரு அச்சுகளிலும், மிதியைச் சக்கரத்துடன் இணைக்கும் தண்டிலும் எண்ணெய் விட வேண்டும்.

6. தோல் பெல்ட் வழுக்கினால் சிறிது வெட்டிச் சுருக்கி மீண்டும் கம்பியால் கொளுவலாம். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் மிதி பாரமாகிவிடும்.

7. புதிய ஊசி போட்டு, இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில் தைத்துப் பார்க்க வேண்டும். துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாக விழுந்தால், பெரும்பாலும் மேல்நூலின் இறுக்கம் குறைவு என்று பொருள்.

இயந்திரத்தின் வயது

சிங்கர் இயந்திரத்தின் அடித்தட்டில் வலப்பக்கம் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து எதுவும் இல்லாமல் இலக்கம் மட்டும் இருந்தால் அது 1900ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டது. ஆங்கில எழுத்துகளான எஃப், வை ஆகியனவும், ஈ எனத் தொடங்கும் இரட்டை எழுத்துகளும் கிளைட்பேங்க் தொழிற்சாலையைக் குறிக்கும். ஆனால் சேகரிப்பவர் இலக்கத்துடன் நின்றுவிடக் கூடாது. இந்த இயந்திரத்தை யார் வாங்கினார், எப்படிப் பணம் கட்டினார், யாருக்கெல்லாம் தைத்தார் என்பவற்றையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். இரும்பு இன்னும் நூறு வருடம் இருக்கும். அதை மிதித்தவரின் ஞாபகம் அவ்வளவு காலம் இராது.

நான் திருத்திய இரண்டாவது இயந்திரம் இதற்கு ஓர் உதாரணம். அது புத்தளத்தில் எமது அயலில் வசிக்கும் ஒரு மூத்தம்மாவுடையது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்த வீட்டையும் அதிலிருந்த தையல் இயந்திரத்தையும் விட்டுவிட்டு வந்தவர் அவர். இங்கே வந்த பின் பழைய மிதி இயந்திரம் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுத்து வாங்கினார். பாடசாலைச் சீருடை, தலையணை உறை, பெருநாள் உடுப்பு என்று தைத்துத் தமது நான்கு பெண்பிள்ளைகளையும் படிக்கவைத்தார். முழங்கால் வலியால் நிறுத்திய பிறகு இயந்திரம் பின் விறாந்தையில் கிடந்தது. அதைப் பழைய இரும்புக்குக் கொடுக்க வீட்டார் பேசிக்கொண்டிருந்த வேளையில்தான் நான் அதைத் திருத்தித் தருவதாகக் கேட்டேன்.

அதன் இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது, உள்பக்கப் பலகையில் பென்சிலால் எழுதிய வரிகள் தெரிந்தன. பெயர்களும் ரூபாய்களும். சிலவற்றின் மேல் கோடு போட்டிருந்தது, சிலவற்றின் மேல் இல்லை. வாப்பா பலகையைத் தேய்க்க மணற்கடதாசி வாங்கி வைத்திருந்தார். மூத்தம்மாவிடம் கேட்டோம். "அது என்ட கணக்குக் கொப்பி மகள். கோடு போடாத ஆக்கள் காசு தரல்ல. அவங்களுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்று சிரித்தார். அந்தப் பலகையை நாங்கள் தேய்க்கவில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் மெருகூட்டினோம். இப்போது அவரது பேத்தி அந்த இயந்திரத்தில் தைக்கப் பழகுகிறாள். பழையதைத் திருத்துவது வேறு, அதைப் புதிதாக்குவது வேறு. எதைத் துடைக்க வேண்டும், எதைத் துடைக்கக் கூடாது என்று அறிவதும் திருத்துவோருக்கு வேண்டிய ஒரு பாடமே.

இன்றைக்கும் பயன் உண்டா?

மின்சார இயந்திரம் வேகமானது. பல வகைத் தையல்களும் போடும். அதை மறுக்க முடியாது. ஆனால் 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்சார இயந்திரத்தை நம்பியவர்கள் மின்சாரம் வரும்வரை காத்திருந்தார்கள். மிதி இயந்திரமோ பகல் வெளிச்சம் இருந்தால் போதுமென்று ஓடியது. நேர்த்தையலையே போடும் அந்த இயந்திரத்தால் சீருடையும், அபாயாவும், திரைச்சீலையும் தைக்க முடியும். வீட்டைவிட்டு வெளியே போய் உழைக்க முடியாத சூழ்நிலையிலுள்ள ஒரு பெண்ணுக்கு அது இன்றும் ஒரு தொழில்.

எனவே பெற்றோரே, உங்கள் வீட்டு விறாந்தையில் இப்படி ஓர் இயந்திரம் இருந்தால் அதைத் தராசில் ஏற்றுமுன் அதன் எண்ணெய்த் துளைகளில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். நீங்கள் பாவிக்காவிட்டால், தைக்கத் தெரிந்தும் வாங்க வசதியில்லாத ஒருவருக்கு அதை ஓடும் நிலையில் கொடுங்கள். சகோதரிகளே, எதிர்வரும் விடுமுறையில் உங்கள் உம்மும்மாவிடம் அந்த இயந்திரத்தின் கதையைக் கேட்டு எழுதுங்கள். எமக்கு முன் வாழ்ந்த பெண்கள் உழைத்த உழைப்பு எம்மிடம் விடப்பட்ட அமானிதம். அதைப் பேணுவது எமது கடமையாகும்.