ஓடையில் தொடங்கும் கடற்கரைப் பாடம்

எமது தோட்டப் பாடசாலைகளில் கண்டற்காடு பாடநூற் படமாகவே நின்றுவிடுகிறது. பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லப் பலருக்கு வசதியில்லை. ஆனால் கடலுக்குப் போகும் நீர் லயத்தருகே ஓடுகிறது. தலவாக்கலைப் பகுதி ஓடைகள் கொத்மலை ஓயாவில் கலக்கின்றன; அது மகாவலியைச் சேர்கிறது. 335 கி.மீ. நீளமான மகாவலி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. அக்கரையோரக் கண்டல் வேர்களிடையே இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன.

ஆகவே பாடத்தை ஓடையில் தொடங்குவோம். வெள்ளம் வடிந்தபின், பெரியவர் துணையுடன் செல்வோம்.

1. காட்டோரத்தில் ஒரு போத்தலிலும், தேயிலை மலையின் கீழே மற்றொன்றிலும் நீர் எடுப்போம். ஒரு மணி நேரம் அசையாது வைத்து, அடியில் படிந்த மண்ணை ஒப்பிடுவோம்.

2. கற்களைப் புரட்டி, சிற்றுயிர்களைத் தேயிலை வடியில் பார்த்துவிட்டுத் திரும்ப விடுவோம். வாலில் இரண்டு மூன்று மெல்லிய இழைகளுள்ள பூச்சிக்குடம்பிகள் நிறைய இருந்தால், பொதுவாக நீரில் மாசு குறைவு.

3. 'இந்த மண் எங்கே போகும்?' எனக் கேட்போம். பெரும்பகுதி நீர்த்தேக்கங்களில் படிந்து அவற்றைத் தூர்க்கும்; நீரில் கரைந்த உரம் மேலும் கீழே செல்லும்.

கழுவிச் செல்லும் மேல்மண், அம்மா கொழுந்து பறிக்கும் மலையின் வளம். அதை இழந்தால் எமது பிழைப்பும் குன்றும். கீழேயுள்ள மீனவர் பிழைப்பும் நலியலாம். வடிகானில் குப்பை கொட்டாமலும், ஓடைக்கரையில் புல்லும் மரமும் வளர்த்தும் பிள்ளைகளே இதைக் காக்கத் தொடங்கலாம்.