விமான நிலையத்துக்கு உங்கள் ஊர் தேர்வானால் செய்ய வேண்டியவை

சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டங்களில் பல கிராமங்களின் நிலம் அதில் அடங்கும். அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்தின் மக்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் ஒன்றுகூடிப் போராடினார்கள், அதுவும் நூற்றுக்கணக்கான நாட்கள். அந்த உறுதிக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் கோஷத்தோடு மனுவும் வேண்டும். ஊர்க்காரர் சொல்வதைச் சட்டம் கேட்கும் நாட்கள் சிலவே. அவற்றைத் தவறவிட்டால் மறுபடி வாய்க்காது. புது நிலையம் வந்தாலும், இருக்கும் நிலையத்தின் ஓடுபாதையை நீட்டினாலும் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் ஒன்றேதான்.

முதல் வேலை: எந்தச் சட்டம் என்று பாருங்கள்

அறிவிப்பு கைக்கு வந்ததும் தொகையைத் தேடாதீர்கள், சட்டத்தின் பெயரைத் தேடுங்கள். 2013-ஆம் ஆண்டின் ஒன்றிய நிலம் கையகப்படுத்தல் சட்டம் என்றால் பூர்வாங்க அறிவிப்பிலிருந்து 60 நாட்களுக்குள் ஆட்சேபணை தரலாம், அதற்கு முன்பே சமூகத் தாக்க மதிப்பீடும் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தல் சட்டத்தையே பயன்படுத்துகிறார்கள். பரந்தூரிலும் அதுதான். அதில் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. இந்தச் சட்டத்துக்கு மறுஉயிர் கொடுத்த 2019 சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்துவிட்டது.

இந்த மாநிலச் சட்டத்தில் இரண்டு எண்களை மனத்தில் வையுங்கள். 3(2) என்றால் “ஏன் எடுக்கக் கூடாது, காரணம் சொல்லுங்கள்” என்று கேட்கும் அறிவிப்பு. 3(1) அரசிதழில் வெளியானால் அன்றே நிலம் அரசுக்குப் போய்விடும். ஆகவே 3(2) அறிவிப்பில் கண்ட கெடு தேதிதான் உங்கள் நாள். ஆட்சேபணையைச் சர்வே எண் வாரியாக எழுதி, ஒப்புகை கிடைக்கிற வகையில் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

நிலத்தின் காகிதங்களை நேராக்குங்கள்

இந்தப் படியில்தான் ஏழைகள் அதிகம் தோற்கிறார்கள். என் பெரியப்பாவின் நிலம் சாலை விரிவாக்கத்துக்குப் போனபோது பட்டா அவருடைய தாத்தா பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்றுக்கு அலைந்தே எட்டு மாதம் போயிற்று. கிணற்றடியில் பதினொரு தென்னை காய்த்துக்கொண்டிருந்தன, அளவை செய்த அலுவலகத்தின் பட்டியலில் ஆறுதான் இருந்தன. ஆழ்துளைக் கிணறு பட்டியலிலேயே இல்லை. பெரியப்பா ஒவ்வொரு மரமாகத் தொட்டுக் காட்டினார். எழுதிக்கொள்ள அங்கே யாரும் இருக்கவில்லை.

அதனால் இப்போதே பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சிட்டா, அ-பதிவேட்டு நகல், நில வரைபடம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். பயிர் நிற்கும்போதே அடங்கலில் பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். மரம், கிணறு, மோட்டார், மாட்டுக் கொட்டகை ஒவ்வொன்றையும் தேதி தெரிகிற மாதிரி படம் பிடியுங்கள்.

கிராம சபை

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. முதலாவது ஜனவரி 26, கடைசி நவம்பர் 1. மற்ற தேதிகளை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். திட்டம் வேண்டாம் என்றோ, இந்த ஏரியை விட்டுவிடுங்கள் என்றோ தீர்மானம் போடுங்கள். தீர்மானம் மட்டும் திட்டத்தை நிறுத்தாது. ஆனால் நாளைக்கு நீதிமன்றத்தில் ஊரின் நிலைப்பாட்டுக்கு அதுவே சாட்சி. பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து நகல் வாங்குங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம்

2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் விமான நிலையங்கள் ‘அ’ பிரிவில் வருகின்றன. அனுமதி தருவது ஒன்றிய அமைச்சகம், கருத்துக் கேட்பை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குறைந்தது 30 நாட்களுக்கு முன் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் முழு அறிக்கையையே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

படிக்கும்போது தண்ணீர் பற்றிய பகுதியை முதலில் திறங்கள். பரந்தூரில் ஏரிகளை நிரப்பிக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகும் கம்பன் கால்வாய் திட்டப் பகுதி வழியாகத்தான் ஓடுகிறது. அறிக்கை எழுதுபவருக்கு அது வரைபடத்தில் ஒரு நீலக் கோடு. மடை எங்கே, கலங்கல் எங்கே, எந்த ஐப்பசியில் எந்தத் தெருவரை தண்ணீர் ஏறியது என்று சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான். அந்தத் தண்ணீர் மேடாக்கிய ஓடுபாதையைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பும் என்று கேளுங்கள். இரைச்சல் வரைபடத்தில் உங்கள் பள்ளிக்கூடம் எந்த வளையத்துக்குள் விழுகிறது என்றும் கேளுங்கள்.

கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். முடிவில் பேசியவற்றின் சுருக்கத்தைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அதுவரை எழுந்து போகாதீர்கள், நீங்கள் சொன்னது விட்டுப்போனால் அங்கேயே சொல்லுங்கள். பேச முடியாதவர்கள் எழுதிக் கொடுக்கலாம். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று விதியில்லை. புறக்கணித்தால் நீங்கள் இல்லாமலே அது நடந்து முடிந்துவிடும். எதிர்ப்பவர்கள்தான் முதலில் போய் உட்கார வேண்டும் என்பது என் கருத்து.

பிறகு சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாட்கள் வரை ஏற்பார்கள். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

பணம்

சந்தை மதிப்பைக் கணக்கிட வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களையும் பார்ப்பார்கள். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து கிரயத்தொகையைக் குறைத்துக் காட்டிய பழக்கம் இங்கேதான் ஊரையே அடிக்கும். அதிக விலைக்குப் பதிவான பத்திரங்களின் நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்து மனுவோடு இணையுங்கள். இப்படிக் கணக்கிட்ட இழப்பீட்டுக்குச் சமமான இன்னொரு தொகை ஆறுதல் தொகையாகச் சேரும். நிர்ணயித்த இழப்பீடு போதாது என்றால் வாங்கும்போதே “ஆட்சேபணையுடன் பெறுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பேச்சுவார்த்தையில் விலைக்குச் சம்மதித்து ஒப்பந்தம் போட்டுவிட்டால் பிறகு அதிகம் கேட்க இடமிருக்காது.

நிலம் போகாதவர்களுக்கு

வேலிக்கு வெளியே இருப்பவர்களும் தப்பவில்லை. வீடு கட்டும் முன் உயரத்துக்கு இந்திய விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்று தேவையா என்று பாருங்கள். ஆணையத்தின் வண்ண வரைபடத்தில் உங்கள் மனை விழும் நிறத்தை வைத்து அது தெரியும். பறவைகள் விமானத்தில் மோதும் என்பதால் திறந்த இடத்தில் ஆடு மாடு அறுக்கவும் குப்பை கொட்டவும் விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் கட்டுப்பாடு உண்டு. இறைச்சிக்கடை வைத்திருப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குத்தகைக்குப் பயிரிடுபவர், நாற்று நடப் போகிற பெண்கள், ஏரியில் மீன் பிடிப்பவர் ஆகியோரின் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. மூன்று ஆண்டுகளாக அந்த மண்ணை நம்பிப் பிழைத்தவர்களின் குடும்பமும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’தான் என்கிறது 2013 சட்டம். உங்கள் மனுவில் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். கருத்துக் கேட்பு நாளில் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.