குஸ்கோவில் எந்த அறை?

போன ஜூனில் பெரு நாட்டின் குஸ்கோ நகரத்தில், சான் பிளாஸ் ஏற்றத்தின் பாதி வழியில், நம் பிள்ளைகள் மூன்று பேரைப் பார்த்தேன். அமெரிக்காவில் படிப்பவர்கள். கோடை விடுமுறையில் ஒரு மாத ஸ்பானிஷ் வகுப்புக்கு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு சக்கரப் பெட்டியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, கல் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு உதடு வெளுத்துப்போயிருந்தது. தமிழில் பேசியதும் அழாத குறையாக, "இன்னும் எவ்வளவு தூரம் அக்கா?" என்றாள். கைப்பேசியில் இருந்த முகவரியைப் பார்த்தேன். இன்னும் மூன்று திருப்பம், நூறு படிக்குக் குறையாது.

பெட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தோம். இந்த அறையை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். ரீல்ஸில் பார்த்தார்களாம். மொட்டைமாடி, கையில் காபிக் கோப்பை, கீழே செவ்வோட்டுக் கூரைகள். அவர்களோடு வந்த நான்காவது பையன் அங்கே இல்லை. அவனுடைய அப்பா ஊரிலிருந்தபடியே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் லிஃப்ட் உள்ள ஹோட்டலாகப் பார்த்து மாதம் முழுவதற்கும் பணம் கட்டிவிட்டார். அவன் வகுப்புக்கு டாக்சியில் வந்தான், டாக்சியில் போனான். இரண்டு வாரம் கழித்து, அதுவரை அவன் வாயிலிருந்து வந்த ஸ்பானிஷ் 'கிராசியாஸ்' ஒன்றுதான் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். மூன்று பேர் ரீல்ஸ் சொன்னபடி அறை எடுத்திருக்கிறார்கள், ஒருவன் அப்பா சொன்னபடி. தங்கப்போகிற உடம்பைக் கேட்டு யாரும் எடுக்கவில்லை.

குஸ்கோவுக்கு நான்கு முறை போய்வந்திருக்கிறேன். அதில் ஒருமுறை மூன்று மாதம் தங்கிப் படித்தேன். அந்த உரிமையில்தான் இதைச் சொல்கிறேன்.

குறைந்த காசில் தங்குவதற்கு அங்கே உள்ள வழிகள் எல்லோரும் அறிந்தவைதான். பல பேர் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுக்கும் ஹாஸ்டல். ஒரு குடும்பம் தன் வீட்டு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளை வாடகைக்கு விடும் 'ஓஸ்பெதாஹே'. மொழிப் பள்ளி ஏற்பாடு செய்து தரும் குடும்பத்தோடு தங்குவது. வான்ச்சாக் பகுதியின் அகலமான சாலைகளில் இருக்கும் சாதாரண வியாபார ஹோட்டல். மலைச்சரிவில், சான் பிளாஸில், 'வியூ' ரூம். பெயர்ப்பலகையில் 'ஓஸ்தால்' என்று எழுதியிருந்தால் அதை ஹாஸ்டல் என்று நினைத்துவிடாதீர்கள். தனி அறைகள் உள்ள சிறிய ஹோட்டலுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். 'மாத்ரிமோனியால்' என்று போட்டிருந்தால் இருவருக்கும் சேர்த்து ஒரே கட்டில். இது தெரியாமல் முன்பதிவு செய்துவிட்டு, இரவெல்லாம் ஒரே கம்பளிக்கு இழுபறி நடத்திய நண்பர்கள் உண்டு.

ஹாஸ்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருப்பதில் மலிவு அதுதான். சமையலறை இருப்பதால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் 5,000 மீட்டருக்கு மேலே உள்ள வினிகுங்கா மலைக்கு விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே வேன் கிளம்பிவிடும். எட்டுக் கட்டில் உள்ள அறையில் தினமும் யாராவது ஒருவர் அந்த நேரத்துக்கு டார்ச் அடித்துக்கொண்டு பையைக் குடைவார். அதைப் பொருட்படுத்தாமல் தூங்கத் தெரிந்தால் போங்கள். வான்ச்சாக் ஹோட்டல்களில் தரை சமதளம், வெந்நீர் வரும், வாசல்வரை டாக்சி வரும். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் யோசிக்காமல் அங்கே போகலாம். இருபது வயதுப் பையனுக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இனி சான் பிளாஸ்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அழகான பகுதிதான். ஆயுதச் சதுக்கத்திலிருந்து ஹாதுன் ருமியோக் தெருவில் நடந்து, பன்னிரண்டு மூலை வெட்டிய அந்த இன்காக் கல்லைத் தாண்டினால் ஏற்றம் ஆரம்பிக்கும். கைவினைக் கலைஞர்களின் பட்டறைகள், வெள்ளைச் சுவர், நீலக் கதவு. சின்ன மாதா கோவிலுக்குள் செதுக்கிய மரப் பிரசங்க மேடை இருக்கிறது. ஒருநாள் முழுவதும் சுற்றிப் பாருங்கள். தங்குவது வேறு விஷயம்.

குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரை ஓரத்து லிமாவில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் இறக்கிவிடுவார்கள். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் லிமாவில் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இறங்கியதும் ஒன்றும் தெரியாது. 'நமக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று எல்லோரும் சொல்வார்கள். ஆறு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அது வந்து பிடிக்கும். தலைவலி, குமட்டல், படுத்தால் திடீரென்று மூச்சு நின்றாற்போல் ஆகி விழித்துக்கொள்வது. ஊர்க்காரர்கள் இதைச் 'சொரோச்சே' என்கிறார்கள். இதற்கு முதல் மருந்து இரண்டு நாள் சும்மா இருப்பது. சான் பிளாஸில் அறை எடுத்தவருக்கு அந்தச் சும்மா இருத்தல் வாய்க்காது. தண்ணீர் பாட்டில் வாங்கவும் மருந்து வாங்கவும் இறங்கி ஏற வேண்டும். பல தெருக்கள் வெறும் படிக்கட்டுகள், கார் வராது. பக்கத்துச் சரிவில் உள்ள அப்படி ஒரு தெருவின் பெயரே 'ரெஸ்பலோசா', அதாவது வழுக்குகிறவள். டிசம்பரிலிருந்து மார்ச் வரையிலான மழையில் அந்தப் பெயரின் அருமை விளங்கும்.

என் இரண்டாவது பயணத்தில் நானும் அந்த மொட்டைமாடிக்கு ஆசைப்பட்டு மூன்று இரவுக்கு முன்பணம் கட்டினேன். விடுதியின் பெயர் வேண்டாம். முதல் இரவு ஒன்பது மணிக்குத் தலை இடிக்க ஆரம்பித்தது. மாத்திரை கைவசம் இல்லை. மருந்துக்கடைக்கு இறங்கியபோது எட்டு நிமிடம் ஆனது, திரும்பி ஏற முக்கால் மணி நேரம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நாய் எழுந்து என்னை ஆராய்ந்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. குளியலறையில் பூவாளியிலேயே மின்கம்பி வைத்த 'ஷவர்'. குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் வெந்நீர் சொட்டும், முழுதாகத் திறந்தால் பனிநீர் கொட்டும். ஜன்னலில் ஊர் முழுக்கச் செம்மஞ்சள் விளக்குகளாக விரிந்து கிடந்தது. அப்படி ஒரு காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூன்று கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு பார்த்தேன்.

எனக்கு அங்கே அத்தனை குளிர் ஏன் அடித்தது என்பது ஊருக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. குஸ்கோ பூமத்தியரேகைக்குத் தெற்கே பதின்மூன்றரை டிகிரியில் இருக்கிறது. ஜூன், ஜூலைதான் அங்கே குளிர்காலம். இரவில் உறைநிலையை ஒட்டி இறங்கும். அந்த மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கு வானில் நிற்கும். சான் பிளாஸோ நகரத்துக்கு வடகிழக்கே ஏறிப்போகிற சரிவு. ஊர் தெரிய வேண்டுமானால் ஜன்னல் தெற்கையோ தென்மேற்கையோ பார்த்துத்தான் இருக்க வேண்டும். வெயில் வருகிற பக்கம் சுவர், குளிர் வருகிற பக்கம் கண்ணாடி. மலிவான அறைகளில் ஹீட்டர் கிடையாது. பகலில் வெயில் உள்ளே வராத அறை இரவில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'வியூ'வுக்காகக் கூடுதலாகக் கொடுத்த காசு, உண்மையில் குளிருக்குக் கொடுத்த காசு.

'இன்காச் சுவர் உள்ள அறை' என்று ஒரு விளம்பரமும் உண்டு. நகரின் பழைய பகுதியில் பல வீடுகளுக்கு அடித்தளம் இன்காக் கற்கள், மேலே ஸ்பானியர் காலத்துப் பச்சைச் செங்கல். 1650-இலும் 1950-இலும் வந்த நிலநடுக்கங்களில் மேலே இருந்தவை பெருமளவு விழுந்தன, கீழே இருந்தவை பெரும்பாலும் அசையவில்லை. பெருமைக்குரிய கல்தான், சந்தேகமில்லை. ஆனால் அதன் ஓரமாகக் கட்டிலைப் போட்டுப் படுத்தால் கல் தன் குளிரைத்தான் கொடுக்கும். இன்காக்களின் சூரியக் கோவிலான கோரிகாஞ்சாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்படியானால் எங்கே? சான் பெத்ரோ சந்தைக்கும் சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்துக்கும் இடைப்பட்ட தெருக்களில், குடும்பம் நடத்தும் ஓஸ்பெதாஹே. நான் மூன்று மாதம் இருந்தது அப்படி ஒரு வீட்டில்தான். நடுவில் முற்றம், துணி காயும் கொடி, வடக்கு வெயில் விழும் மாடி அறை. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். முதல் நாள் என் முகத்தைப் பார்த்ததுமே கோகா இலைத் தேநீர் கொண்டுவந்து வைத்து, மெதுவாக மெதுவாக என்று சொல்வதுபோல் கையை அசைத்தார். எனக்கு ஸ்பானிஷ் வராது. அவருக்கு ஸ்பானிஷைவிடக் கெச்சுவா நன்றாக வரும். இருவரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே மொழி பழகினோம். வகுப்பில் கற்றதைவிட அந்தச் சமையலறையில் கற்றது அதிகம். சந்தை இரண்டு நிமிட நடை. அங்கே சூப்போடு மதியச் சாப்பாடு மலிவு, பழச்சாறு ஒரு கோப்பை கேட்டால் மிச்சத்தையும் மறுபடி ஊற்றுவார்கள். சாயங்காலம் தெருமுனைத் தள்ளுவண்டியில் பார்லியும் மூலிகையும் போட்டுக் கொதிக்கும் 'எமோலியென்தே'. சந்தைப் பக்கம் பிக்பாக்கெட் தொல்லை இருக்கிறது என்பார்கள், இருக்கத்தான் செய்கிறது. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், இருட்டியதும் சந்தையைச் சுற்றித் திரியாதீர்கள். முற்றத்தில் ஒருவர் தும்மினால் நான்கு பக்கமும் கேட்கும் என்பது இன்னொரு குறை. எனக்கு அது குறையாகப் படவில்லை.

இதைவிட நல்ல வழியும் ஒன்று உண்டு, பொறுமை இருந்தால். விமான நிலையத்திலிருந்து நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்கே உள்ள ஓயந்தாய்தாம்போ கிட்டத்தட்ட 2,800 மீட்டர்தான். மச்சு பிச்சு அதைவிடத் தாழ்வு, 2,430. மச்சு பிச்சு ரயிலும் ஓயந்தாய்தாம்போவிலிருந்து கிளம்புகிறது. இரண்டு மூன்று இரவு அங்கே தங்கி, மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு, கடைசியில் குஸ்கோவுக்கு ஏறினால் உடம்பு தானாகப் பழகியிருக்கும். லிமாவிலிருந்து பேருந்தில், 2,300 மீட்டர் உயர அரெக்கிப்பாவில் சில நாள் இருந்துவிட்டு வருகிறவர்களும் இப்படித்தான் படிப்படியாக ஏறுகிறார்கள். இதை அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன். "ஆனா எல்லாரும் முதல்ல குஸ்கோதானே போறாங்க?" என்றான் ஒருவன்.

இந்த 'எல்லாரும்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. பேச்சு வளர்ந்தபோது, அவன் படிக்கிற படிப்பையும் அதே காரணத்துக்காகத்தான் எடுத்திருக்கிறான் என்று தெரிந்தது. அறையோ பாடமோ, முதலில் நமக்கு எது ஒத்துவரும் என்று பார்க்க வேண்டாமா? நீங்கள் சத்தத்தில் தூங்குகிறவரா? குளிர் தாங்குவீர்களா? யாரோடாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டுமா, தனியாக விட்டால் போதுமா? இதற்கெல்லாம் பதில் தெரிந்த பிறகு படத்தைப் பாருங்கள். தெரியாவிட்டால் முதல் இரண்டு இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, அந்த இரண்டு நாளில் மெதுவாக நடந்து நாலு கதவைத் தட்டிப் பாருங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையின் பத்திரம் லிஃப்டில் இல்லை, முகம் வாடினால் ஏன் என்று கேட்கிற ஒரு ஆள் அந்த வீட்டில் இருப்பதில் இருக்கிறது. இன்தி ராய்மி திருவிழா ஜூன் 24. அந்த வாரத்தில் மட்டும் இப்படி வந்து தேடிக்கொள்ளும் பொறுமை பலிக்காது, அறையை முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும்போது பாஸ்போர்ட்டையும் குடியேற்றப் பதிவையும் காட்டுங்கள். அறுபது நாளுக்குக் குறைவாகத் தங்கும் வெளிநாட்டவருக்கு விடுதி வாடகையில் 18 சதவீத விற்பனை வரி கிடையாது. மச்சு பிச்சு ரயிலில் சிறிய பைதான் அனுமதி என்பதால், பெரிய பெட்டியை நீங்கள் திரும்பும்வரை வைத்துக்கொள்வார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு ஸ்பானிஷ் வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்: "புவேதோ வேர் எல் குவார்த்தோ?" அறையைப் பார்க்கலாமா என்று அர்த்தம். அப்படிக் கேட்டதற்காக என்னிடம் குஸ்கோவில் யாரும் முகம் சுளித்ததில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பார்கள். உள்ளே போனதும் வெந்நீர்க் குழாயைத் திறந்து நூறுவரை எண்ணுங்கள், பிறகு ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள்.