நம் கூரைமேல் ஒரு வேகன் தண்ணீர்



2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து குடிதண்ணீர் ஏற்றிய முதல் ரயில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. ஐம்பது வேகன்கள், மொத்தம் 25 லட்சம் லிட்டர். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் அந்தக் கோடையில் ஏறக்குறைய வற்றிக் கிடந்தன. அரக்கோணம் மார்க்கமாக வந்த அந்த ரயில், நம் செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தைத் தாண்டித்தான் போயிற்று. அதற்கு நான்கே ஆண்டுகள் முன்னால், 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில், சென்னையும் நம் திருவள்ளூர்ப் பக்கமும் வெள்ளத்தில் தத்தளித்தன. வெள்ளத்தையும் கண்டோம், வறட்சியையும் கண்டோம். இரண்டுக்கும் நடுவே நம் வீடுகளில் நாம் செய்யாமல் விட்டது என்ன? அதுவே இந்த வாரப் பாடம்.

1. முதலில் கணக்கு

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். நம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,100 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. 500 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 46 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 50,000 லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது. அந்த ரயிலின் ஒரு வேகன் கொண்டு வந்ததும் 50,000 லிட்டர்தான்! சிதறுவதும் ஆவியாவதும் முதல் மழையில் விடுவதும் போக, 40,000 லிட்டராவது நம் கைக்கு எட்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு வேகன் தண்ணீர் நம் கூரைமேல் வந்து இறங்குகிறது. நாமோ அதைத் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறோம்.

2. வேண்டிய பொருள்கள்

நான்கு அங்குல பி.வி.சி. குழாய், வளைவுக்கு இரண்டு எல்போ, ஒரு டீ, மரையுள்ள ஒரு மூடி, குழாயைச் சுவரில் பிடிக்க கிளாம்புகள், மூடியுள்ள 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, ஜல்லி இரண்டு தினுசு, கொஞ்சம் பருமணல், நைலான் வலை. செலவு பெரிதாகப் பிடிப்பது தொட்டி ஒன்றே. வீட்டில் கிணறோ, தரைக்கடியில் சம்ப்போ ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அந்தச் செலவும் இல்லை.

டிரம் விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கும்மிடிப்பூண்டி, காக்களூர் போன்ற தொழிற்பேட்டைகள் உள்ள நம் பக்கத்தில், பழைய டிரம்கள் மலிவாய்க் கிடைக்கும். அமிலமோ, பெயிண்டோ, எண்ணெயோ, வேறு ரசாயனமோ இருந்த டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் தண்ணீருக்கு ஆகாது. முன்பு என்ன இருந்ததென்று தெரியாத டிரம்மும் அப்படியே. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பிள்ளைகளின் வயிற்றைப் பணயம் வைக்காதீர்கள்.

3. அமைக்கும் முறை

(அ) கூரை. கான்கிரீட் மாடியானால் தண்ணீர் வெளியேறும் வாயில் வலை வைத்து, அங்கிருந்து குழாயை இறக்குங்கள். தகரக் கூரையானால் ஆறு அங்குலக் குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து, கூரை விளிம்பின் கீழே தூம்பாகக் கட்டுங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருந்தால் போதும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கவோ தேய்த்துக் கழுவவோ வேண்டாம். அந்தத் தூசி மூச்சில் போவது கெடுதி. அந்தக் கூரைத் தண்ணீரைப் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓலைக் கூரைத் தண்ணீர் நிறம் மாறி வரும். அதைக் குழியில் விடுவதே மேல்.

(ஆ) முதல் மழை. இறங்குகிற குழாயில் டீயைப் பொருத்துங்கள். அதன் பக்க வாய் வடிகட்டிக்குப் போகட்டும். கீழ் வாயில் மரை மூடியைப் போடுங்கள். மழை தொடங்கும்போது மூடி கழற்றியே இருக்க வேண்டும். புழுதியும் காக்கை எச்சமும் சருகும் கீழே கழிந்துபோகும். கால் மணி நேரம் கழித்து, தண்ணீர் தெளிவாக வருவதைக் கண்ணால் பார்த்தபின் மூடியைத் திருகுங்கள். பருவத்தின் முதல் மழை முழுவதையும் விட்டுவிடுங்கள்.

(இ) வடிகட்டி. டிரம்மின் அடியில் குழாய் வைத்து, அதன் வாயில் வலை கட்டுங்கள். அடியில் எட்டு அங்குலம் முக்கால் ஜல்லி. அதன்மேல் ஆறு அங்குலம் சின்ன ஜல்லி. அதன்மேல் வலை விரித்துப் பத்து அங்குலம் பருமணல். மேற்பகுதி காலியாக இருக்கட்டும். மணலையும் ஜல்லியையும் கழுவுகிற நீர் தெளியும்வரை கழுவிய பிறகே போட வேண்டும். பெருமழை கொட்டும்போது மணல் அவ்வளவு நீரையும் உடனே விழுங்காது. ஆகையால் டிரம்மின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, மிகுதி நீர் போக ஒரு குழாய் அவசியம்.

(ஈ) தொட்டியும் நிலமும். 46 சதுர மீட்டர் மாடியில் 27 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் தொட்டி நிறைந்துவிடும். அதாவது, ஐப்பசியில் ஒரே ஒரு நல்ல மழை. மீதி எங்கே போவது? கிணற்றுக்கு. கிணறு இல்லையேல், மூன்றடி அகலம் மூன்றடி நீளம் ஐந்தடி ஆழத்தில் குழி வெட்டி, உடைத்த செங்கல்லும் ஜல்லியும் நிரப்பி, மேலே மணல் பரப்பி, அதில் விடுங்கள். வீட்டு அஸ்திவாரத்துக்குப் பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். கக்கூஸ் தொட்டிக்கு ஐம்பதடி தூரமாவது வேண்டும். நம் தொட்டி சிறியது. நிலந்தான் பெரிய தொட்டி. மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை ஆண்டாண்டாய் அளவு மீறி இறைத்ததால், கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாகிப் போனதை நாம் அறிவோம். எடுத்தவர்கள் திரும்பக் கொடுக்கவும் வேண்டும்.

4. என் தவறு ஒன்று

முன்பு நான் இருந்த ஒரு பங்கில், சுவாமியார் வீட்டு மாடிக் குழாயை நேரே சம்ப்புக்குள் விட்டோம். டீயும் இல்லை, மூடியும் இல்லை. இரண்டு மழையில் சம்ப்பு நிறைந்ததைக் கண்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் வாரம் தண்ணீர் நாறத் தொடங்கிற்று. மாடியில் வேப்பஞ்சருகு கிடந்ததை நான் ஏறிப் பார்க்கவே இல்லை. சமையல் செய்கிற அம்மா, "சாமி, மழை நல்லதுதான், நம்ம மாடிதான் அழுக்கு" என்றார்கள். சம்ப்பு முழுவதையும் இறைத்துக் கொட்டினோம். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கிற்று. குழாய்களும் போட்டோம். பிறகு எத்தனை வீடுகளில் அந்தக் குழியை ஒரு தரமாவது திறந்து பார்த்தோம்? மண் மூடிய குழி இருந்தும் இல்லாதது போலத்தான். செய்வதற்குச் செலவு கொஞ்சம். காப்பதற்குச் செலவே இல்லை, கவனந்தான் வேண்டும்.

5. சில சந்தேகங்கள்

வினா: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?
விடை: மணல் அழுக்கைப் பிடிக்கும், கிருமிகள் எல்லாவற்றையும் பிடிக்காது. ஆகவே தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதித்தபின் ஆறவைத்துக் குடியுங்கள். ஆலைப் புகையும் தூளும் படிகிற கூரையானால் குடிக்க வேண்டாம். துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

வினா: 1,000 லிட்டர் எத்தனை நாளைக்கு வரும்?
விடை: குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால், ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நாற்பது நாள். மழைத் தண்ணீர் மென்மையானது. உப்புத் தண்ணீரில் வேகாத பருப்பு இதில் சீக்கிரம் வேகும், சோப்பும் நன்றாய் நுரைக்கும்.

வினா: கொசு வராதா?
விடை: திறந்து வைத்தால் நிச்சயம் வரும். டெங்கு பரப்பும் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தொட்டிக்கு இறுக்கமான மூடியும், மிகுதி நீர் போகும் வாய்க்கு வலையும் இருக்கட்டும்.

வினா: முற்றத்து நீரைப் பழைய போர்க் குழாயில் விடலாமா?
விடை: கூடாது. வண்டி எண்ணெயும் சாக்கடையும் கலந்த நீரை அதில் விட்டால், நம் தண்ணீரோடு அக்கம்பக்கத்தார் தண்ணீரும் கெடும்.

6. இந்த வாரத் தீர்மானம்

ஞாயிறு பிற்பகல் வீட்டுத் தலைவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாடிக்கு ஏறட்டும். மாடியைப் பெருக்குங்கள். நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் அளந்து பெருக்கி, வந்ததை 1,100-ஆல் பெருக்குங்கள். கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். பழைய குழாயும் குழியும் இருந்தால் திறந்து, மண்ணை அள்ளிப் போடுங்கள். மேல் மணலை ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன், இரண்டங்குலம் சுரண்டிக் கழுவிப் போடுவதென்று முடிவு செய்யுங்கள். மழை வருகிற நேரத்தில் மூடியைத் திருகும் பொறுப்பு யாருடையது என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லார் வேலையும் என்றால் யாரும் செய்யமாட்டார்கள்.

தனியாகச் செய்ய முடியாத முதியோரும் கைம்பெண்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். கையில் வேலை தெரிந்த வாலிபர்கள் ஒரு சனிக்கிழமையை அவர்களுக்குக் கொடுங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் பூசைக்குப்பின் என்னை வந்து பாருங்கள். சுவாமியார் வீட்டு மாடியைப் பெருக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பங்குச் சுவாமியார்