பழங்கணினியும் வீட்டு வலையமைப்பும்

பழையதாகிய கணினி எதற்கும் உதவாதென்பது பலர் கருத்து. ஆயின், படக்காட்சிக்கும் எழுத்துப்பணிக்கும் ஆற்றாத பொறியும், வீட்டு வலையமைப்பின் வாயில்காப்போனாய் நின்று தொண்டாற்ற வல்லது. அஃது எவ்வாறென்பதை ஈண்டுச் சுருங்கக் காண்பாம்.

வீட்டிலுள்ள கைப்பேசி, மடிக்கணினி முதலியவற்றுக்கும் இணையத்துக்கும் இடைநின்று செய்திப் பொதிகளை உரிய வழியிற் செலுத்துங் கருவியே றவுற்றர். இணைய முகவரி முறையின் நான்காம் பதிப்பில் ஏறக்குறைய 430 கோடி முகவரிகளே உள. அவை உலகுக்குப் போதா. ஆதலின், 192.168 எனத் தொடங்குவன போன்ற சில முகவரிகள் அகவலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. வீட்டுப் பொறிகளுக்கு இவற்றை வழங்கலும், வெளிச்செல்லும் பொதியிற் பொதுமுகவரியைப் பொறித்தலும், மறுமொழி மீளுங்கால் அஃது எப்பொறிக்குரியதெனத் தன் அட்டவணையில் நோக்கிச் சேர்ப்பித்தலும், வேண்டாதவற்றை மறித்தலும் றவுற்றரின் தொழில்களாம்.

இவற்றுக்கு மிக்க விரைவும் பெரிய நினைவகமும் வேண்டப்படா. சுவிற்சர்லாந்தின் பீசீ எஞ்சின்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய அலிக்ஸ் என்னும் சிறுபலகை, 500 மெகாஹேட்ஸ் விரைவும் 256 மெகாபைற் நினைவகமுங் கொண்டே இப்பணியைச் செவ்வனே ஆற்றியது. வெளிவலைக்கு ஒன்றும் அகவலைக்கு ஒன்றுமாக இரு ஈதர்நெற் வாயில்கள் இருத்தல் நன்று.

இனி, மின்செலவை ஆராய்வாம். றவுற்றர் இரவும் பகலும் ஓய்வின்றி இயங்குவது. 60 வாற்று நுகரும் மேசைக்கணினி ஓராண்டில் 525 அலகுக்கு மேற் செலவிடும். 6 வாற்றுப் பொறிக்கோ 53 அலகே போதும். எனவே, இலவசமாய்க் கிடைத்த பெரும்பொறி ஈற்றில் விலைமிக்கதாகலாம். விசிறியற்ற சிறுகணினியும் பழைய நெற்புக்குமே இதற்கு ஏற்றன. நெற்புக்கின் மின்கலம் நன்னிலையிலிருப்பின், மின்தடை நேருங்காற் சிறிது பொழுது தாங்குதலும் உண்டு.

மற்றுமொன்று கருதற்பாலது. மனுவேல் காஸ்பர் 2003 இல் வெளியிட்ட மோனோவோல் என்னும் மென்பொருள் சிறுபொறிகளுக்கெனவே அமைந்தது. அதன் ஆக்கம் 2015 இல் நின்றது. பீஎவ்சென்ஸ் என்பதும் 2017 இல் வெளிவந்த பதிப்பிலிருந்து 32 பிற் பொறிகளைக் கைவிட்டது. திருத்தம் பெறாத மென்பொருளைக் கொண்ட றவுற்றர், வீட்டிலுள்ள பொறிகள் யாவற்றையுங் கள்வர்க்குத் திறந்துவிடும். ஆதலால், தன் பொறிக்கு இன்றுந் திருத்தம் வழங்கப்படும் மென்பொருள் உளதோவென முதற்கண் தேர்ந்து தெளிக. இல்லையேல், அப்பொறியை மாணவர் கற்றற்கருவியாகக் கொள்க, வாயிலில் நிறுத்தற்க. காவலன் முதியோனாதல் குற்றமன்று, உறங்குதலே குற்றம்.