கிண்ணம் அலுமாரியில், கடன் கொப்பியில்

வாசகர்களே, இந்த வாரம் அரிசி விலையையும் டொலர் விலையையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவோம். வியாபாரப் பக்கத்தில் பந்துக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். விளையாட்டுக் கழகமும் ஒரு கடை போலத்தான். அதற்கும் முதல் உண்டு, சம்பளம் உண்டு, கடன் உண்டு, பெயர் உண்டு. கடை எதனால் எழும்புகிறதோ, எதனால் விழுகிறதோ, கழகமும் அதனால்தான் எழும்பி விழுகிறது.

2024 ஏப்ரல் 6 ஆம் திகதி, ரமழானின் கடைசிப் பத்து. அன்று கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் ஷில்லாங் நகரில் 2-1 என்று வென்று இந்தியாவின் ஐ-லீக் கிண்ணத்தை உறுதி செய்தது. அதே நாள் இரவு ஸ்பெயினின் செவில் நகரில் மயோர்க்கா என்னும் தீவின் கழகம் அந்நாட்டின் மன்னர் கிண்ண இறுதிப் போட்டியில் பெனால்டியில் தோற்றது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த இரண்டு கழகங்களின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியாபாரிக்கு நல்ல பாடம் கிடைக்கும்.

பெயர் வந்த வழி

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் 1891 இல் ஆரம்பிக்கப்பட்டது. கல்கத்தா லீக் 1898 இல் தொடங்கியதிலிருந்து ஆங்கிலேயரின் படை அணிகளும் கழகங்களுமே அதை வென்று வந்தன. 1934 இல் முதற் பிரிவுக்கு ஏறிய முதல் வருடத்திலேயே முஹம்மதன் அதை வென்றது. லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுதான். 1938 வரை தொடர்ச்சியாக ஐந்து தடவை கிண்ணம் அங்கேயே தங்கியது. 1936 இல் ஐ.எப்.ஏ. கேடயமும், 1940 இல் டெல்லியில் டுராண்ட் கிண்ணமும் கிடைத்தன. டுராண்டை வென்ற முதல் இந்திய அணியும் இதுவே.

இது அதிர்ஷ்டத்தால் வந்ததல்ல. அக்காலத்தில் மற்றக் கழகங்கள் உள்ளூரிலேயே ஆள் தேடின. இவர்கள் இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் திறமையானவர்களைத் தேடிக் கொண்டுவந்தார்கள். வெறுங்காலோடு ஆடிப் பழகிய வீரர்களுக்கு மழைக்காலச் சேற்றில் ஆடச் சப்பாத்துக் கொடுத்தார்கள். சரக்கு எங்கே நல்லதோ அங்கே போய் எடுப்பது, காலத்துக்கு ஏற்பக் கருவியை மாற்றுவது. நல்ல வியாபாரி செய்கின்ற வேலையும் அதுதான். அந்த அணியின் முஹம்மத் சலீம் 1936 இல் ஸ்கொட்லாந்து சென்று செல்டிக் கழகத்துக்காகக் காலில் துணிக்கட்டோடு இரண்டு போட்டிகளில் விளையாடினார் என்றால் அந்தத் தரத்தை விளங்கிக் கொள்ளலாம்.

பெயர் இருந்தும் பணம் இல்லை

1947 பிரிவினையோடு வீரர்களிலும் தனவந்தர்களிலும் பலர் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றார்கள். கழகத்தைத் தாங்கிய கைகள் குறைந்தன. ஆனாலும் 1948, 1957, 1967, 1981 ஆகிய வருடங்களில் லீக்கை வென்றார்கள். 1960 இல் டாக்காவில் ஆகா கான் தங்கக் கிண்ணத்தையும் எடுத்தார்கள். 1981 க்குப் பிறகு கல்கத்தா லீக் மீண்டும் கைக்கு வர 2021 வரை, அதாவது 40 வருடங்கள், காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த 40 வருடத்துக்குள் நடந்த ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 2013 இல் டுராண்ட் கிண்ணம் வென்றார்கள். 2014 ஆரம்பத்தில் ஐ.எப்.ஏ. கேடயமும் வென்றார்கள். அதே பருவத்தில் ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கினார்கள். அதே 2014 இன் பிற்பகுதியில், பணம் இல்லாததால் பிரதான அணியைக் கலைக்கப் போவதாகக் கழகத்தார் அறிவித்தார்கள். பிறகு ஒருவாறு சமாளித்துத் தொடர்ந்தார்கள். ஆனால் இரண்டு கிண்ணம் அலுமாரியில் மினுங்கும்போது அணியையே கலைக்க நேரிடுமென்றால், கிண்ணத்துக்கும் காசுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

தீவுக் கழகத்தின் கதை

மயோர்க்கா மத்தியதரைக் கடலில் உள்ள தீவு. பரப்பளவில் எமது இலங்கையில் பதினெட்டில் ஒரு பங்குதான். அதன் கழகம் 1916 இல் பிறந்தது. 1999 இல் ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தின் இறுதிப் போட்டி வரை சென்று இத்தாலியின் லாசியோவிடம் 2-1 என்று தோற்றது. 2003 இல் மன்னர் கிண்ணத்தை வென்றது. அந்த இறுதிப் போட்டியில் இரண்டு கோல்கள் போட்டவர் சாமுவேல் எட்டோ.

ஏழு வருடம் கழித்து என்ன நடந்தது? 2009-10 பருவத்தில் ஸ்பெயினின் முதற் பிரிவில் ஐந்தாம் இடம். ஐரோப்பிய லீக்கில் ஆடத் தகுதி கிடைத்தது. ஆனால் கழகம் கடனில் மூழ்கி நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்கும் நிலையில் இருந்தது. அதைக் காரணம் காட்டி ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம் அனுமதி மறுத்தது. அந்த இடம் வியாரியல் கழகத்துக்குப் போயிற்று. மைதானத்தில் வென்றதைக் கணக்குக் கொப்பியில் இழந்தார்கள்.

அந்த வருடம் பங்கு வாங்கியவர்களில் அத்தீவின் மைந்தரான டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலும் ஒருவர். அதுவும் போதவில்லை. 2013 இல் முதற் பிரிவிலிருந்து விழுந்தது. 2016 இல் அமெரிக்க முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 2 கோடி யூரோவுக்குக் கழகத்தை வாங்கினார்கள். பணம் வந்ததும் வெற்றி வந்துவிடவில்லை. 2017 இல் மூன்றாம் பிரிவுக்கே இறங்கியது. பிறகு 2018 இலும் 2019 இலும் அடுத்தடுத்து ஏறி முதற் பிரிவுக்குத் திரும்பியது. 2020 இல் விழுந்து 2021 இல் மறுபடி ஏறியது. அந்த ஏற்றத்தின் பலன்தான் 2024 இறுதிப் போட்டி.

ஏறிய பிறகு வந்த சோதனை

இனி மீண்டும் கல்கத்தாவுக்கு வருவோம். 2024 இல் ஐ-லீக் கிண்ணத்தை எடுத்த முஹம்மதன், இந்தியாவின் உயர்ந்த பிரிவான இந்தியன் சுப்பர் லீக்குக்கு ஏறியது. புதிய முதலீட்டாளர்களும் பக்கத்தில் இருந்தார்கள். ஆனால் 2024-25 பருவத்தில் 24 போட்டிகளில் இரண்டில் மட்டுமே வென்று கடைசி இடத்தைப் பெற்றது. 2025 ஜனவரியில் சம்பளம் கிடைக்கவில்லை என்று வீரர்கள் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். ரஷ்யப் பயிற்றுவிப்பாளரும் அதே காரணத்தைச் சொல்லி விலகினார். அவரே முந்திய பருவத்தில் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தவர்.

ஒரு கடையை நன்றாக நடத்தியவர் இரண்டாவது கடையை நகரின் பெரிய வீதியில் திறக்கிறார். வாடகையும் சம்பளமும் முதல் மாதத்திலிருந்தே ஏறும். விற்பனை ஆறு மாதத்துக்குப் பிறகுதான் பிடிக்கும். அந்த ஆறு மாதத்துக்கான பணத்தை ஒதுக்காதவர், பழைய கடையையும் சேர்த்து இழக்கிறார். பிரிவு ஏறும் கழகமும் இப்படித்தான்.

நமக்கான பாடங்கள்

முதலாவது, நன்மதிப்பு. கணக்கியலில் இதையும் ஒரு சொத்தாகவே எழுதுவார்கள். ஆனால் மாத முடிவில் நன்மதிப்பை வெட்டிச் சம்பளம் கொடுக்க முடியாது. 130 வருடப் பெயர் அனுசரணையாளரை வாசலுக்குக் கொண்டுவரும். அதற்குப் பிறகு பணம்தான் பேசும்.

இரண்டாவது, ஒருவரின் சட்டைப்பையை நம்பி ஒரு பொதுக் காரியத்தை நடத்தக் கூடாது. தனவந்தர் ஊர் மாறலாம், மனம் மாறலாம், மௌத்தாகலாம். எவ்வளவு, எந்தத் திகதியில், பிந்தினால் என்ன என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282 ஆம் வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். நாமோ, "நம்முடைய ஆள்தானே" என்று சொல்லி எழுதாமல் விடுகிறோம். பிறகு காசும் போகிறது, உறவும் போகிறது.

மூன்றாவது, பருவம் தொடங்க முன்னரே முழுப் பருவத்துக்கும் கணக்குப் போட வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு சிறிய கழகத்துக்குப் பயிற்றுவிப்பாளர், மைதானக் கட்டணம், வாகனம் எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபா என்று வைப்போம். எட்டு மாதத்துக்கு 480,000. ஓர் அனுசரணையாளர் 300,000 தருவதாக எழுதித் தருகிறார். குறைவது 180,000. இதை இன்னொரு பெரிய மனிதரிடம் கேட்டு அலைவதா? ஊரில் 150 பேர் மாதம் 150 ரூபா சந்தா கொடுத்தால் எட்டு மாதத்தில் அதே 180,000 சேர்ந்துவிடும். அந்த 150 பேரும் வெறும் பார்வையாளர்களாக இருக்க மாட்டார்கள். கணக்குக் கேட்கும் உரிமையாளர்களாகவும் இருப்பார்கள்.

தெமட்டகொடையில் என் கடைக்கும் வருடத்தில் சில தடவை கழகப் பிள்ளைகள் ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். ஜேர்சிக்கு, பந்துக்கு, கிண்ணத்துக்கு என்று கேட்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும். மாலையில் பந்தடிக்கும் பிள்ளை தூளின் பக்கம் போகமாட்டான் என்பது எனது நம்பிக்கை. ஆனால் கொடுக்கும்போது, "மகன், போன வருடக் கணக்கைக் காட்டுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்போம். சந்தேகத்தில் அல்ல, பழக்குவதற்காக. இருபது வயதில் வரவு செலவு எழுதப் பழகிய பிள்ளை நாளைக்குக் கழகத்தையும் காப்பாற்றுவான், தன் கடையையும் காப்பாற்றுவான். பள்ளிவாசல் நிதி, ஜனாஸா நலன்புரிச் சங்கம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் என்று நாம் நடத்துகின்ற எல்லாவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும்.